ஐந்தாவது ஓட்டை

பால்கனி அடுப்பில் கரி சிவந்து கிடக்கிறது. மிளகும் பூண்டும் தடவி ஊறவைத்த பன்றிக்கறித் துண்டுகள் நான்கை அவள் இடுக்கியால் எடுத்துக் கம்பிமேல் வைக்கிறாள். கொழுப்பு சொட்டுமிடத்தில் தீ குப்பென்று எழும்பி அடங்குகிறது. ஓரங்கள் சீக்கிரமே கருகுகின்றன, மசாலாவில் சர்க்கரை இருப்பதால். கணவன் இருக்கும் பேலியோ டயட்டில் சோறும் சர்க்கரையும் கூடாது. ஆனாலும் மூன்று வாரமாக அவனுக்குத் தெரியாமல் மசாலாவில் சர்க்கரையையும் சூப்பில் அரிசி மாவையும் கரைக்கிறாள். அவன் இளைப்பது டயட்டாலா, ஏதாவது நோயாலா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து பால்கனியில் துணி உலர்த்தும் பெண்மணி எட்டிப் பார்க்கிறார். "உங்க வீட்டுக்காரர் காலேஜ் பையனாட்டம் ஆயிட்டாரே! எனக்கும் அந்த டயட்டைச் சொல்லிக் குடும்மா." அவள் சிரித்து வைக்கிறாள். உள்ளே சுத்தியல் இரண்டு தடவை தட்டுகிறது. கணவன் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி வருகிறான். ஆணியடித்துப் போட்ட புது ஓட்டை வழியே வெயில், குழி விழுந்த அவன் கன்னத்தில் பொட்டாக விழுகிறது. "அஞ்சாவது ஓட்டை! ஒரு பருக்கை சோறு தொட்டிருப்பேனா? எல்லாம் உன் கைப்பக்குவம்தான்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த சர்க்கரை மசாலா முழுவதையும் கறிமேல் கவிழ்க்கிறாள்.