ஜெசிந்தா உறைய வைத்த பாறை

நார்வே கடற்கரையோரம் கப்பல் வேகம் குறைத்தது. பழைய பனிப்பாறை உருகிப்போன இடத்தில், சீல் எனும் கடல்நாய்கள் ஏறிப் படுக்கவென எந்திரங்கள் உறைய வைத்த புதுப் பனிப்பாறை மின்னியது. அதை உருவாக்கிய பொறியாளர், தூத்துக்குடி ஐஸ் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்த ஜெசிந்தா, கணவனையும் மகளையும் முதல் தடவையாக அழைத்து வந்திருந்தாள்.

"தூத்துக்குடி ஐஸ் கம்பெனிக்காரி போட்ட ஐஸ்னு சீலுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு போல," என்று சீண்டினான் கணவன் ரீகன். "ஒண்ணுகூட ஏறலையே!"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஒரு சீலாவது ஏறினால்தான் அது பனிப்பாறை. இல்லாவிட்டால் வெறும் ஐஸ்கட்டி.

"அம்மா, அங்க பாரு!" மகள் ஸ்டெல்லா கத்தினாள்.

ஒரு சீல் பாறை விளிம்பை முகர்ந்தது. சட்டென்று மூழ்கியது. ஜெசிந்தா கப்பல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். மறுபடி வந்தபோது குட்டியும் கூடவே. இரண்டும் ஏறிப் படுத்தன.

"உன் பாறைக்குக் குடித்தனம் வந்தாச்சும்மா!"

ஜெசிந்தா நிமிர்ந்து நின்றாள்.

"உங்கப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லு. வாடகை கேட்டுடப் போறார்!"