ஸ்திரீபார்ட் வீட்டு வெள்ளிக்கிழமை

பந்தல்குடியில் சந்தனம்மாள் பஸ் ஏறியபோது கையில் ஒரு விளக்கமாறும் இருந்தது.

"என்னக்கா, விக்கவா?" என்றார் கண்டக்டர்.

"அருப்புக்கோட்டையில ஒரு வீட்டைக் கூட்ட வேண்டியிருக்கு. டிக்கெட்டைக் குடுங்க!"

அந்த வீடு, ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேசம், கட்டும் ராமலட்சுமியின் வீடு. அறுபத்தெட்டாம் வருசம் அது. நோட்டீசில் அவள் பேர் இருந்தால் போதும், சுத்துப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிவிடும்.

சந்தனம்மாளின் புருசன் மாரிச்சாமி நாலு மாசமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போகிறாராம். வீட்டில் சொல்வது, "பருத்தி விதை விசாரிக்கப் போறேன்." நாலு மாசமாக விசாரிக்க விதை என்ன மாப்பிள்ளையா? பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விசயமே விளங்கியது.

ஆளும் முன்னைப் போல இல்லை. போன வாரம் உப்பு வாங்கப் போனவர் துணிக்குப் போடும் சவுக்காரம் வாங்கி வந்தார். நேற்று ஆட்டைக் கொண்டுபோய் மிளகாய்ச் செடிக்குள்ளேயே கட்டினார். வியாழக்கிழமை வந்தாலே புத்தி பிசகிவிடுகிறது. சொக்குப்பொடி போட்டுவிட்டாள் சண்டாளி!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், சந்தனம்மாளுக்கே ராமலட்சுமி என்றால் உசிர். மேடையில் ராஜா வேசம் கட்டும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டிலேயே மல்லுக்கு நிற்பார்கள். அதற்குத் தர்க்கம் என்று பேர். பதில் வராமல் நின்றவர் தோற்றார். போன மாசம் பங்குனிப் பொங்கல் நாடகத்தில், ஏழு தேசம் ஜெயித்ததாகப் பீற்றிய ராஜாவைப் பார்த்து அவள் பாடினாள்:

"ஏழு தேசம் ஜெயிச்ச ராசா, ஒம்ம இடுப்பு வேட்டி ஒம்ம பேச்சைக் கேக்குதா?"

ராஜபார்ட் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முழித்தார். கூட்டம் சீட்டி அடித்தது. "என் மனசுல உள்ளதை அப்படியே பாடுறாளே!" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தவள் சந்தனம்மாள்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி ராமலட்சுமி வீட்டுக்குப் போனவள் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். உள்ளே மாரிச்சாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ராமலட்சுமி, மடியில் நோட்டும் கையில் பென்சிலுமாக.

"அடி, குடி கெடுக்க வந்தவளே!" விளக்கமாறு உயர்ந்தது.

ராமலட்சுமி துள்ளி எழுந்தாள். "மதினியா? வாங்க மதினி! அண்ணே, இவுகதானா அவுக?"

மதினியாம்! ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"விதை விசாரிக்கிற லட்சணமா இது? ஒங்களைப் பத்தி என்னய்யா எழுதுறா?"

"என்னைப் பத்தி இல்ல புள்ள. ஒன்னையப் பத்தி," என்றார் மாரிச்சாமி பயந்துகொண்டே.

ராமலட்சுமி நோட்டைப் புரட்டி வாசித்தாள். "'உப்புக்குப் பதிலா சவுக்காரத்தை வாங்கிட்டு வந்தா, குழம்பைச் சோத்துல ஊத்தவா, துணியில ஊத்தவா?' இது போன வாரம். 'ஊருக்கெல்லாம் நாயம் பேசுறீகளே, ஒங்க இடுப்பு வேட்டி ஒங்க பேச்சைக் கேக்குதா?' இது மாசி மாசம்."

சந்தனம்மாள் வாயைப் பிளந்தாள். "இதெல்லாம் நான் திட்டுனதுல்ல?"

"திட்டுனவுகளுக்கு மறந்துரும் மதினி. வாங்குனவுகளுக்கு மறக்குமா? நாலு மாசத்துக்கு முந்தி மல்லாங்கிணறு மேடையில பதில் இல்லாம நின்னேன். இன்னொரு தடவை நின்னா எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாக. மேடைக்குப் பின்னால அழுதுட்டு இருந்தப்ப இந்த அண்ணன் வந்தாக. 'அழாத தாயி, எங்க வீட்டுல பேச்சு ஊத்தாப் பெருகுது, அள்ளிட்டு வாரேன்'னாக."

சந்தனம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே அழுகையும் வந்தது. தன் திட்டுக்கா ஊரே சீட்டி அடித்தது? விளக்கமாற்றை மூலையில் சாத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த நாடகம் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை, திருச்சுழியில. ராஜபார்ட் மதுரைக்காரர். வாய்னா அப்படி ஒரு வாய்!"

"வரட்டும், பாத்துக்கிடுவோம். பென்சிலை எடு," என்றவள் சட்டென்று புருசன் பக்கம் திரும்பினாள். "அது சரி, சவுக்காரம் ஒரு வியாழக்கிழமை, ஆடு ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை மட்டும் ஒங்களுக்கு என்ன கேடு?"

மாரிச்சாமி டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வெறுங்கையோட எப்படி புள்ள வர்றது?"