கைப்பக்குவம்

சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர் அப்துல் மாலிக்.

யோசனை என்னுடையது. ஆள் கொஞ்சமாவது பூசினாற்போலத் தெரியட்டும் என்றுதான். சித்திரை மாதத்துப் பாலக்கரையில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. துறையூரிலிருந்து எங்கள் மகள் தஸ்லிமாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதையும் ஒரு நோயாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றரை வருஷத்தில் இருபத்திரண்டு கிலோ இறங்கியிருந்தார்.

நல்ல விஷயம்தான். ஆனால் நம் ஊரில் ஒருவர் பருத்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இளைத்தால்தான் வரிசையில் நின்று கேட்கிறார்கள். சுகர் என்றார்கள். கிட்னி என்றார்கள். கடைத்தெருவில் ஒரு புண்ணியவான், பேர் சொல்லக்கூடாத வியாதி என்றே முடிவு கட்டிவிட்டான். உப்பிலியபுரத்திலிருந்து அவர் தங்கை ஆட்டுக்கால் சூப்போடு அழுதுகொண்டே வந்து இறங்கினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அத்தா படுத்துவிட்டால் பெண்ணுக்கு நாளைக்கு நல்லது கெட்டது பார்ப்பது யார் என்று, தஸ்லிமாவுக்கு வந்த இரண்டு நல்ல இடங்கள் தட்டிப்போயின. இது மூன்றாவது. இதுவும் போனால் அவர் தாங்க மாட்டார். நானும்தான்.

மாப்பிள்ளை வசீம் அவன் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சோபாவில் இருந்தான். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை, கை நிறையச் சம்பளம். மரியாதையாகப் பேசினான். பிரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. எதிரே என் வீட்டுக்காரரும் தட்டு நிறைய வைத்துச் சாப்பிட்டார். அதுவும் என் உத்தரவு.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் வசீமின் அத்தா, கேட்கக் கூடாதுதான் என்று ஆரம்பித்து, கேட்டேவிட்டார். உடம்புக்கு என்ன?

வாக்கிங் போகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லச் சொல்லி நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் அதைக் காற்றில் விட்டுவிட்டு உண்மையைச் சொல்லத் தொடங்கினார்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருமாம். குறட்டை தெருமுனை வரை கேட்குமாம். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாராம். அதற்காக மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் வாங்கினோமாம். எடையைக் குறைத்தால் மூச்சுக்கு வழி கிடைக்கும் என்று ஸ்ரீரங்கத்து டாக்டர் சொன்னாராம். வாயைக் கட்டினாராம். போன மாதம் மறுபடியும் தூங்க வைத்துச் சோதித்துவிட்டு, மெஷினை எடுத்து வைத்துவிடலாம், எடை மட்டும் திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரே கைகொடுத்து அனுப்பினாராம்.

இவ்வளவையும் பெருமையாக வேறு சொன்னார்.

அங்கே நிற்க முடியாமல் நான் சமையலறைக்குள் வந்துவிட்டேன். வசீமின் அம்மா எழுந்து, நேராக என்னைத் தேடி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

போச்சு என்று நினைத்தேன். இரண்டு இடம் போனபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. வீட்டுக்காரர் மேல் வந்த ஆத்திரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தெருவுல விசாரிச்சப்பவே இளைச்சு மெஷினை விட்டுட்டார்னு ஒருத்தர் சொன்னாங்க, மெய்யான்னு பாக்கத்தான் ஓடி வந்தோம். வசீமும் அதை மாட்டிக்கிட்டுத்தாங்க தூங்குறான், நான் சொன்னா வாயைக் கட்ட மாட்டேங்குறான். உங்க கைப்பக்குவம் தஸ்லிமாவுக்கும் இருக்கும்ல?"

பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். நோய் யாரைக் கேட்டு வருகிறது? அதை மறைக்காமல் சொன்ன அந்த அம்மா நல்ல மனுஷிதான். அது குறையும் என்பதும் எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தவள்.

யார் குறைக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

வாயைக் கட்டினேன் என்று கூடத்தில் அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். சுரைக்காய்க் கூட்டைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதைச் சொல்லவில்லை. கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து, என் தலையில் கை வைத்து, தின்னவில்லை என்று சத்தியம் செய்ததைச் சொல்லவில்லை. அவருக்குத் தனி உலை, எங்களுக்குத் தனி உலை வைத்ததையும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் முன்னால், மெஷின் வருவதற்கும் முன்னால், மூச்சு நிற்கும் போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, திரும்ப வரும்வரை நான் பயந்துகொண்டு விழித்துக் கிடந்தது அவருக்கே தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? தஸ்லிமா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து போன மாதம் வரை நான் ஒரு ராத்திரியும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

தஸ்லிமா அப்படியில்லை. படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

வசீமுக்கு எது சமைக்கலாம், எது கூடாது என்று அந்த அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். டாக்டர் பேரும் சொன்னேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வசீமின் அத்தா நிக்காஹ் எந்த மாதம் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்ங்க" என்றேன்.