லேட்

“எங்கப்பாவ உசுரோட கொன்னுட்டீங்களேண்ணே!”

தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் திவ்யா கத்தினாள். செல்லூர் ஃபிளெக்ஸ் கடையில் தவசியின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

நாளை மறுநாள் அவளுக்குக் கல்யாணம். திருநகர் மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸின் மாதிரியைத் தவசி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதில் ‘லேட் உக்கிரபாண்டி மகள்’ என்று இருந்தது.

“அப்பா மஸ்கட்ல இருக்காருண்ணே. நாளைக்கு வாராரு. இனிமே அங்கிட்டுப் போகவே மாட்டேன்னு சொல்லிட்டு வாராரு. அவரப் போயி...”

பின்னாலேயே வந்து நின்ற அவள் தாய்மாமன் அழகுராஜாவைப் பார்த்தார் தவசி. “மாப்ள, நீதான மத்தியானம் போன்ல வாசகம் சொன்ன?”

“ஃபிளைட் லேட்டாகும் போலன்னு சொன்னேன். அதையும் சேத்து அடிச்சுட்டீங்களாக்கும்” என்றான் அழகுராஜா, தரையைப் பார்த்தபடி.

திவ்யாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலீஷ் டீச்சர் ஆயிற்றே, பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். “பழைய இங்கிலீஷ்ல லேட்டுன்னா மெதுவானதுன்னுதாண்ணே அர்த்தம். எங்கப்பாவுக்குப் பொருத்தந்தான். என் காதுகுத்துக்கே பந்தி முடிஞ்சப்பறம்தான் வந்தாராம்.”

“அப்ப செத்தவுகளுக்கு ஏம்மா போடுறாக?”

“இப்பச் சமீபம் வரைக்கும் இருந்தவருன்னு அர்த்தம். நம்ம ஆளுக என்னைக்கோ போன தாத்தாவுக்கெல்லாம் போடுவாங்க. அது தப்புண்ணே. போயிக் கொஞ்ச நாள்தான்னாத்தான் போடணும்.”

தவசி அந்தச் சொல்லை அழித்தார். அப்பாவின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னாள் திவ்யா. “மண்டபத்துல நுழையும்போதே அவரு கண்ணுல படணும்ணே” என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுக்க வெளியே போனாள்.

தவசிக்கு மனசு ஆறவில்லை. “ஏன் மாப்ள எம்மேல பழியத் தூக்கிப் போட்ட? ‘லேட் உக்கிரபாண்டி’ன்னு நீ சொன்னது இன்னும் காதுல நிக்குதே.”

திரையில் சிரித்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டியை விட்டு அழகுராஜா கண்ணை எடுக்கவில்லை.

“தாலி ஏறுற வரைக்கும் எங்கக்காகிட்டகூட மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தேண்ணே. உங்ககிட்ட மட்டும் வாய் தவறிருச்சு. மச்சான் போயிட்டாருன்னு இன்னைக்குக் காலைலதான் மஸ்கட்லருந்து போன் வந்துச்சு.”