மூன்று, இரண்டு, ஒன்று

பூவிழி காபி டம்ளரை என் பேரன் கையில் கொடுத்துவிட்டு, "மூணாவது பாகத்துல டிராகன் சாவுது இல்லைங்களா, அது சரியா தப்பா?" என்று கேட்டாள்.

மாதவராஜ் டம்ளரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் வழக்கமாகச் சம்பளத்தைக் கேட்பார்கள். இவனுக்கு முப்பத்து நாலு வயது. தக்காளி போடுகிறவனுக்குப் பெண் இல்லை என்று பன்னிரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாப்பாரப்பட்டியில் இருக்கிற இந்த வீடு பதிமூன்றாவது. இதுவும் இல்லை என்றால் இனித் தேடவே வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான்.

பன்னிரண்டு வீட்டிலும் காபியோடு சரி. எங்கள் பக்கம், பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இங்கேயும் யார் இலை போடப் போகிறார்கள் என்று, நான் பஸ் ஸ்டாண்டிலேயே எட்டு இட்லி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இந்தப் பெண் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். டிராகன் வருகிற அந்த நாவலின் மூன்று பாகத்தையும் படித்திருக்கிறீர்களா என்று. பயல் படித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் கடைசியாக முழுசாகப் படித்தது பூச்சிமருந்து டப்பா.

படித்தது நான். இரண்டு வாரம். ஒவ்வொன்றும் செங்கல் கனம். வருகிற வழியில் கதையை அவன் காதில் ஓதினேன். தூங்கிவிட்டான்.

"சரிதான் கண்ணு," என்று நானே முந்திக்கொண்டேன். "அங்க செத்தாத்தானே அடுத்த பாகத்துல குட்டியாகும்?"

பூவிழி என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்தாள். சுவரில் பல்லி இருக்கிறதோ என்று நினைத்தேன். எந்தத் திசையில் பல்லி சொன்னால் கல்யாணம் கூடிவரும் என்று ஒரு கணக்கு உண்டு. எனக்குத் திசை மறந்துவிட்டது. அதனால் திரும்பவில்லை.

"மூணுதாங்க கடைசி," என்றாள்.

குழப்பம் வந்தால் நான் நிறையப் பேசுவேன். முப்பத்தோரு வருடம் காரிமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஒரு சந்தை நாளில் ஆள் உயரச் சேவல் ஒன்றுக்கு அரை டிக்கெட் கிழித்திருக்கிறேன். அது ஜன்னலில் தலையை நீட்டிக் கூவிக்கொண்டே வந்ததால், தருமபுரி போய்ச் சேரும்வரை டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. ஆகவே டிராகன் எனக்குப் பெரிய ஆச்சரியம் கிடையாது.

என் அபிப்பிராயங்களைச் சொன்னேன். அது நாளைக்கு எத்தனை ஆடு தின்னும் என்று மூன்று பாகத்திலும் ஒரு வரி இல்லை. பெரிய குறை. இரண்டு ராஜகுமாரர்களில் யாரைக் கட்டிக்கொள்வது என்று கதையில் வருகிற பெண் நானூறு பக்கம் யோசிக்கிறாள். எங்கள் பக்கம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

"ஆனா ஒண்ணு கண்ணு. அந்தப் புள்ளைக்கு வயசு கொறைஞ்சிக்கிட்டே வருது பாரு, அதுதான் மந்திரம். மொதல்ல பத்தொம்பது, அப்புறம் பதினேழு, கடைசில பதினஞ்சு. டிராகனும் செத்து, குட்டியாகி, முட்டைக்குள்ள போயி நிம்மதியாப் படுத்துக்குது."

கதவோரம் நின்றிருந்த அவளுடைய அத்தை தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க கடைசிப் பாகத்துல இருந்து படிச்சிருக்கீங்க," என்றாள் பூவிழி.

காரிமங்கலம் நூலகத்தில் முதலில் இருந்தது மூன்று. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இரண்டு வந்திருந்தது. பிறகு ஒன்று. கண்டக்டருக்கு ஸ்டேஜ் நம்பர் இறங்கிக்கொண்டே வந்தால் வண்டி ஊருக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படியானால் மற்றவர்களெல்லாம் எதற்காக முட்டையிலிருந்து சாவுக்குப் போகிறார்கள்? விளங்கவில்லை.

"நான் படிக்கலைங்க," என்றான் மாதவராஜ் திடீரென்று. "போன்ல பொய் சொல்லிட்டேன். தாத்தாதான் படிச்சாரு. நான் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேன்."

பதிமூன்றாவது வீடும் போயிற்று. என் செருப்பு வாசலில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

"இருங்க தாத்தா." அவள் கண் இன்னும் என் தலைக்கு மேலேயேதான் இருந்தது. "நீங்க படிச்ச மாதிரி படிச்சா, கடைசில அந்தப் பொண்ணோட அம்மா?"

யோசித்தேன். மூன்றாவதில் அந்த அம்மாளைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாவதில் முதல் பக்கத்திலேயே செத்துக் கிடந்தாள். ஒன்றாவதில்...

"வூட்டுக்கு வந்துட்டாங்களே கண்ணு. கடைசிப் பக்கத்துல புள்ளைக்குத் தலை சீவிவிட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

மாதவராஜ் கையில் காபி ஆறிவிட்டது.

"அத்தை," என்றாள் பூவிழி. "இலை போடுங்க."

வயிற்றில் எட்டு இட்லியும் அப்படியே இருந்தன. எழுந்தேன்.

கை கழுவத் திரும்பியபோதுதான் சுவரைப் பார்த்தேன். பல்லி இல்லை. நான் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, மாலை போட்ட ஒரு அம்மாளின் போட்டோ. படிய வாரிய தலை, நெற்றியில் பெரிய பொட்டு.

பூவிழிக்கும் அதே மூக்கு.