கசிவே இல்லை

“கசிவே இல்லைங்கம்மா” என்று டாக்டர் லிசி சொன்னதும் மாரியாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

கும்பிடாமல் என்ன செய்வாள்? கூரை கசிந்தாலும் குழாய் கசிந்தாலும் வீட்டுக்குக் கேடு. கணவருடைய தொடைக்குள் ஒன்றும் கசியவில்லை என்றால் அது நல்ல சேதியாகத்தானே இருக்க வேண்டும்.

போதாததற்கு, இந்தச் சில மாதங்களாக அவளுக்கு வேலையே சேதி கசியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கணவர் பெரியண்ணனின் தொடையில் இருப்பது புற்றுக்கட்டி என்று பயாப்சி முடிவு வந்தபோது அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவருக்குத் தெரியவே கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தாள். அவருடைய அண்ணன் இதே வார்த்தையைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வாய்தான் பெரிசு. மனசு பூஞ்சை.

ஆகவே அது கொழுப்புக்கட்டி ஆயிற்று. ஊசி போட்டால் கரைந்துவிடும்.

மகளின் வாயை அடைத்தாள். நர்சுகளிடம் கெஞ்சினாள். டாக்டர் லிசியிடம் அழுது சத்தியமே வாங்கிவிட்டாள். மன்னார்புரத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகிற வழியெல்லாம் பலகைகள். ஒவ்வொன்று வரும்போதும் “ஏங்க, அங்க பாருங்க” என்று எதிர்ப்பக்கம் எதையாவது காட்டுவாள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அப்பிராணி.

டாக்டர் அவளுடைய கும்பிட்ட கையை மெதுவாகப் பிடித்து மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டு விளக்கினார்.

நல்ல ரத்தக்குழாயில் சந்து இருக்காது. கட்டி அவசர அவசரமாகத் தனக்குக் குழாய் போட்டுக்கொள்வதால் அதில் ஓட்டைகள் விழும். பெரியண்ணனுக்கு இதுவரை ஏற்றியது கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த மருந்து. மற்ற இடங்களில் அந்தக் குமிழி வெளியே வர வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டியிடம் வந்ததும் ஓட்டை வழியாக ஒழுகி உள்ளே இறங்கும். அந்தக் கசிவை நம்பித்தான் வைத்தியமே.

பெரியண்ணனின் கட்டியோ, கை சுத்தமான கொத்தனாரைப் பிடித்து வேலை வாங்கியதுபோல இறுக்கமாகக் குழாய் போட்டு வைத்திருக்கிறது. படமெடுத்துப் பார்த்தாயிற்று. மருந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது, உள்ளே மட்டும் போகவில்லை. கட்டி இம்மியும் சுருங்கவில்லை.

ஊரில் எத்தனையோ பேருடைய கட்டி ஒழுகித் தொலைக்கிறது. ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத இந்த மனுஷருக்கா இப்படி அழுத்தமான கட்டி வாய்க்க வேண்டும்! மாரியாயிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“குமிழி வேண்டாம், அதே மருந்தை இனிமே வெறுமனே குடுப்போம். பொடிசு, உள்ள போயிடும், நம்பிக்கை இருக்கு. ஆனா உடம்பு பூரா போகும். முடி மொத்தமா கொட்டிடும்மா” என்றார் டாக்டர்.

உயிர் ஊசலாடுகிற இடத்தில் முடி என்ன பெரிசு என்று யாரும் கேட்கலாம். அந்த முடிதான் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொழுப்புக்கட்டிக்குப் போடுகிற ஊசியில் யாருக்கு முடி கொட்டியிருக்கிறது? சீப்பில் ஒரு கொத்து வந்தால் போதும், அந்த வார்த்தையை அவரே சொல்லிக்கொள்வார். அப்புறம் அவருக்கு எந்த மருந்து போய் என்ன?

நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் அவளுக்கு வழி தோன்றிவிட்டது. சமயபுரத்தில் மொட்டை. முடியே இல்லாத தலையில் எது கொட்டும்?

ஆனால் யாரைக் கூட்டிப்போய் மொட்டை போடுவது? ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டி நடக்கிற ஆள். சாமி இல்லை என்று சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடிக்கிற ஆள். மகளுக்கு மொட்டை போட்டபோது, “குழந்தை முடியை வாங்கி உங்க சமயபுரத்து ஆத்தா சவுரியா கட்டிக்கப் போறா?” என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் முகம் கொடுக்காதவர்.

அழ வேண்டும். பட்டினி கிடக்க வேண்டும். எனக்குத்தான் உடம்பு சரியில்லை, எனக்காகப் போடுங்கள் என்று காலில் விழ வேண்டியிருந்தாலும் விழ வேண்டும். கதவைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் எப்போதுமே கேட்பதில்லை.

“மாரி, ஞாயித்துக்கிழமை சமயபுரம் போயிட்டு வந்துடுவமா? ஒரு மொட்டை போட்டுக்கிறேன்” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, “வேண்டுதல்தான். முன்னாடியே சொல்லிடறேன். திடீர்னு பார்த்தா நீ பயந்துடுவ” என்றார்.

டாக்டர் லிசியிடம் இன்னொருவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால், தனக்கும் தெரியும் என்று ஆகிவிடும். இத்தனை நாள் அவளுக்காக அந்த மனுஷர் கட்டிக்காத்தது வீணாகிப் போகும்.

“நல்லதாப் போச்சுங்க. எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு, நானும் போட்டுக்கிறேன்” என்றாள்.

என்ன வேண்டுதல் என்று பெரியண்ணன் கேட்கவில்லை.