மூன்றாவது சிவப்பு

கைக்குட்டையை டிரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் திணிக்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்பத்தாறு வயதில். இத்தனை பேர் முன்னால்.

சுவரில் அந்தப் பெட்டி. போன மாதம்தான் மாட்டினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். சத்தம் அளவைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் மேடைக்கு வருகிற கரண்ட் பட்டென்று போய்விடும். கீபோர்டு, கிட்டார், மைக், எல்லாம் ஊமை.

ஒரே நிகழ்ச்சியில் மூன்று தடவை சிவப்பு எரிந்தால் இசைக்குழுவுக்கு இனி இந்தக் கம்பெனி ஹாலே கிடையாது. ஒத்திகைக்கும் கிடையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவனும்தான் போட்டான்.

இரண்டு ஆகிவிட்டது.

முதல் சிவப்பு, ஆரோக்கியம் அடித்த டிரம்ஸால். சரி, போகட்டும். இரண்டாவது, பாட்டு முடிந்ததும் கீழே உட்கார்ந்திருந்த ஃபவுண்டரி ஆட்கள் அடித்த விசிலால். பாட்டு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையிலேயே ஓட்டியாயிற்று. கடைசியில் கைத்தட்டலுக்குத் தண்டனை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

குழுவில் பன்னிரண்டு பேரும் பம்ப் கம்பெனித் தொழிலாளிகள். ஷிப்டு முடிந்த கையோடு, எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வந்து வாசிக்கிறவர்கள். இதை வைத்து யாரும் பிழைப்பு நடத்தவில்லை. வாசிக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். வீட்டில் வாசித்தால் பக்கத்து ஃபிளாட்காரர் வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்து வைக்கிறார். இந்த ஹால் ஒன்றுதான் மிச்சம்.

எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாமே என்று யோசனை சொன்ன மேனேஜரும் இங்கே உண்டு. நல்ல யோசனை. அப்படியே சாப்பாட்டையும் போட்டோ பிடித்து அனுப்பிவிடலாம்.

சேஃப்டி ஆபீசர் தாரணி மேடை ஓரத்தில் நின்றாள். நல்ல பெண்தான். அதுதான் இன்னும் எரிச்சல். திட்டவும் முடியவில்லை.

"எல்லாரோட காதுக்காகத்தானுங்ணா," என்றாள், கெஞ்சுகிற மாதிரி. "இன்னொருக்கா வந்துச்சுன்னா எங்கையில ஒண்ணுமில்லீங்ணா."

காதுக்காக.

அவன் முன்வரிசையைப் பார்த்தான்.

மாலையும் சந்தனப் பொட்டுமாக நஞ்சப்பண்ணன். இன்றோடு வேலை முடிகிறது. பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம். தகடு அடிக்கிற மிஷின்களுக்கு நடுவே, காதில் வைக்கப் பஞ்சுகூடக் கொடுக்காத காலம். இப்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார். அந்த முப்பத்தொரு வருடமும் பிரஸ் ஷாப் சுவரில் எந்தப் பெட்டியும் இல்லை. அவர் வெளியே போகிற நேரம் பார்த்து, பாட்டு வாசிக்கிற இடத்தில் கொண்டுவந்து மாட்டினார்கள்.

ஓய்வு பெறுகிறவர் ஒரு பாட்டுக் கேட்பார், குழு வாசிக்கும். பத்தொன்பது வருட வழக்கம். ஒருவருக்கும் இல்லையென்று சொன்னது கிடையாது. நஞ்சப்பண்ணன் கேட்டது, டிரம்பெட் தனியாக மேலே ஏறுகிற பாட்டு. காலையில் கேன்டீனில் அவன் தோளைப் பிடித்து உலுக்கியிருந்தார். காது போனவர்களுக்கே உரிய பெரிய குரல்.

"கண்ணு, நல்லா ஊதோணும். உன்ற சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேக்குது."

பாட்டு தொடங்கியது.

ஆரோக்கியம் குச்சிகளை வைத்துவிட்டு விரல்களால் தட்டினான். கீபோர்டு முணுமுணுத்தது. கைக்குட்டை வழியாக டிரம்பெட், ஜலதோஷம் பிடித்தவன் பேச்சு மாதிரி வந்தது.

பச்சை.

நஞ்சப்பண்ணன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கண்ணை இடுக்கி மேடையைப் பார்த்தார். கேட்கவில்லை போலிருக்கிறது.

கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு பாட்டு, அதுவும் கேட்கவில்லை.

மேலே ஏறுகிற இடம் வந்தது.

ஹாலாவது மண்ணாங்கட்டியாவது.

கைக்குட்டையை உருவி எறிந்தான். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து ஊதினான். ஒரு பிசிறு இல்லை. கூரைத் தகடு அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவனுக்கு இப்படி வந்ததில்லை.

மஞ்சள்.

சிவப்பு.

கீபோர்டு செத்தது. ஆரோக்கியம் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். தாரணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மேடையில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் ஊதுவதும் நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

போயிற்று. ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமைகள், பன்னிரண்டு பேரின் பாட்டு, எல்லாம் போயிற்று. யார் யார் என்னென்ன திட்டப்போகிறார்களோ. திட்டட்டும். நஞ்சப்பண்ணனுக்குக் கேட்டதே, அது போதும்.

அவரைப் பார்த்தான்.

பாட்டு நின்ற பிறகும் அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது.

வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் தப்பவில்லை. கண்கள் மட்டும் அவன் விரல்களை விட்டு நகரவில்லை.

டிரம்பெட்டை இறக்கப் போனவன் இறக்கவில்லை.

கன்னத்தை உப்பினான். மூன்று பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்தினான். மேலே ஏறுகிற இடத்துக்கு மறுபடி போனான். துளி காற்றுகூட உள்ளே விடவில்லை.

நஞ்சப்பண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அப்பிடி ஊது கண்ணு," என்றார்.

பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.